இடவப்பாதிக்கு முன் பீரோவைத் திறவுங்கள்: பழைய சேலை தேர்வதற்கும் அடுக்கைக் குறைப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கத்துத் தமிழ் வீட்டுப் பீரோவில் இரண்டு மாநிலத்துத் துணி ஒன்றாகக் கிடக்கும். காஞ்சிப் பட்டுக்குப் பக்கத்தில் இரண்டு துண்டாக உடுத்தும் குத்தாம்புள்ளி செட்டுமுண்டு, நெகமம் காட்டனுக்கு அடியில் ஓணத்துக்கு வந்த, ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலை. பட்டுக்கு ஆகாதது கஞ்சி, கசவு முண்டுக்கோ கஞ்சி இல்லாமல் ஆகாது. இரண்டையும் ஒரே தட்டில் நெருக்கி அடுக்கி, நடுவில் நாலு பாச்சை உருண்டையைப் போட்டுக் கதவைச் சாத்துவதில்தான் பாதிச் சேதம் ஆரம்பிக்கிறது.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குறைக்க வேண்டும். பிறகு, இருப்பதில் பழையது எது, நல்லது எது என்று பார்க்க வேண்டும். வெளியில் தேடுவது அதற்கும் பிறகுதான். காற்று நுழைய இடமில்லாத பீரோவில் எவ்வளவு நல்ல சேலையைக் கொண்டுவந்து வைத்தாலும் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

எப்போது செய்வது

தை, மாசி. கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறண்டு வீசும் மாதங்கள் இவை. துணியில் இருக்கும் ஈரம் தானாகவே இறங்கும். பங்குனியிலும் செய்யலாம், ஆனால் வெயில் கொளுத்தும் என்பதால் நிழலில்தான் விரிக்க வேண்டும். இடவப்பாதி மழை, அதாவது வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, இறங்கிவிட்டால் அந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள். ஈரக் காற்றில் பிரித்து, அதே ஈரத்தோடு மடித்து வைப்பதைவிடத் திறக்காமல் இருப்பது மேல்.

ஒரு ஆளுக்கு இரண்டு நாள் போதும். தேவையானவை: விரிக்கக் கட்டிலும் பழைய பாயும், வெள்ளை டார்ச், இஞ்ச் டேப், சாமணம், தீப்பெட்டி, பீங்கான் தட்டு, துவைத்துக் கஞ்சி போகக் காயவைத்த பழைய வேஷ்டி ஏழெட்டு, துண்டுச்சீட்டு, பென்சில். பேனா வேண்டாம். ஈரம் பட்டால் மை துணியில் இறங்கும்.

முதல் நாள்: குறைப்பது

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தட்டுத் தட்டாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் குறையாது. எடுத்த துணியே அடுத்த தட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மொத்தமும் கட்டிலில் குவிந்தால்தான் ஒரே பச்சையில் ஐந்து சேலை இருப்பது கண்ணில் படும்.

‘பிடிக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதையும் கழிக்க முடியாது. ‘அடுத்த ஒரு வருஷத்தில் எந்த நாளுக்கு?’ என்று கேளுங்கள். பொங்கல், விஷு, ஓணம், கல்பாத்தித் தேர், கல்யாணம், வளைகாப்பு, கோயில், ஆபீஸ், துக்க வீடு. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு நாள் சொல்ல முடிய வேண்டும். ஒரே நாளுக்கு ஆறு சேலை வரிசையில் நின்றால் நாலைக் கழிக்கலாம். இதற்கு நேர்மாறாக, துக்க வீட்டுக்குக் கட்டிப்போக ஒரு வெளிர் காட்டன் இல்லை என்பதும் பல வீடுகளில் இந்தக் கணக்கில்தான் தெரியவருகிறது.

எண்ணிக்கை சொல்லச் சொன்னால் எங்கள் அளவு இது: வெளியே போகக் கட்டும் காட்டன் 10 முதல் 12, கசவு 3 (ஒன்று செட்டுமுண்டாக இருக்கட்டும்), கனமான பட்டு 4, லேசான பட்டு 4. ஆண்களுக்கு நாலு முழம் 6, எட்டு முழம் 3, பட்டு வேஷ்டி 1. ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். உண்மையில் பீரோவை அடைப்பது சேலை அல்ல. நைட்டியும், ஜோடி தவறிய சுடிதார் பேன்ட்டும், அளவு சரியில்லாத ரவிக்கையும்தான். அவற்றுக்கு இரக்கம் காட்ட வேண்டாம்.

ரவிக்கையை மட்டும் அவசரப்பட்டு வீசாதீர்கள். உள்தையலில் துணி எவ்வளவு விட்டிருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு இஞ்ச் இருந்தால் சுற்றளவில் நாலு இஞ்ச் வரை கிடைக்கும்: இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் முன்துண்டு, பின்துண்டு. பழைய பட்டு ரவிக்கையில் அக்குள் வெளுத்து இழை பொடிந்திருந்தால் அதைப் பிரித்து விடுவதில் பயனில்லை. வியர்வை அரித்த பட்டு புதுத் தையலைத் தாங்காது.

கழித்ததை நாலாகப் பிரியுங்கள். உடுத்தக்கூடிய நிலையில் இருப்பதைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுங்கள். கறையோடு கொடுப்பது தானம் ஆகாது. நைந்த காட்டன் சேலையும் வேஷ்டியும் தொட்டிலுக்கும் பட்டுச் சேலை சுற்றவும் ஆகும். இருபது தடவை துவைத்த மல் வேஷ்டிக்கு நிகரான சேலை உறை கடையில் கிடைக்காது. பாலியெஸ்டரைப் பாத்திரக்காரரிடம் போடலாம். ஜரிகை உள்ள பழைய பட்டை மட்டும் இன்று யாரிடமும் கொடுக்காதீர்கள். அதை நாளைக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள்: பழையதைப் படிப்பது

பழைய சேலை என்றதும் எல்லாரும் முதலில் பார்ப்பது ஜரிகையை. அது தப்பு. முதலில் பார்க்க வேண்டியது பெட்னி, அதாவது முந்தானை உடலோடு சேரும் இடம். முந்தானை வேறு நிறத்தில் இருக்கும் காஞ்சிச் சேலையில் உடல் பாவும் முந்தானைப் பாவும், அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், வேறு வேறு. அந்த இடத்தில் பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளைச் சேர்த்து நெய்து, பழையதை வெட்டிவிடுவார்கள். குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குக் கோடு கோடாக, துணி கொஞ்சம் தடித்துத் தெரியும். கைத்தறியின் பெருமை அதுதான். பழசானால் முதலில் விடுவதும் அதுதான். தோளில் இழுபடுகிற பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான் விழுகிறது.

சோதிக்கும் விதம்: பெட்னிக்கு இரண்டு பக்கமும் துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, தீப்பெட்டி அகலத்துக்கு விட்டு, மெதுவாக இரண்டு பக்கமும் இழுங்கள். அசையாமல் நின்றால் நல்லது. இழைகள் விலகி ஏணி போல வெளிச்சம் தெரிந்தால் பின்னால் நெட் கொடுத்துத் தைத்து வருஷத்துக்கு இரண்டு முறை கட்டலாம். ‘சர்ர்’ என்று காய்ந்த இலை நொறுங்கும் சத்தம் வந்தால் அதோடு நிறுத்துங்கள். பட்டு இற்றுப்போய்விட்டது. எந்த டார்னிங்கும் அதைக் காப்பாற்றாது. ஒட்டுப் போட்ட இடம் நிற்கும், அதன் ஓரம் கிழியும்.

அடுத்தது கோர்வை. கரையும் உடலும் தனித்தனித் தறிநாடாவால் நெய்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் கோர்த்துச் சேர்த்தது. பின்பக்கம் தடவினால் சேரும் கோட்டில் சின்னதாக மேடு தட்டும். அந்தக் கோட்டைக் கரை முழுக்க டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இடுப்பில் செருகும் பகுதியிலும் குதிகால் மிதிபடும் இடத்திலும்தான் விட்டிருக்கும்.

மிச்சச் சோதனைக்குச் சேலையை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் போதும். மடிப்புக் கோடுகளில் வரிசையாக வெளிச்சம் வந்தால், பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்தது. தோள் பகுதியில் ஊக்கு குத்திய ஓட்டை பெரிதாகியிருக்கிறதா, ஃபால்ஸ் தைத்த இடத்தில் கரை சுருங்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபால்ஸ் சுருங்கி இழுத்ததுதான் காரணமென்றால் அதைப் பிரித்தாலே சேலை நேராகும்.

நீளத்தையும் அளந்துவிடுங்கள். ரவிக்கை இல்லாத சேலை சுமார் 5.5 மீட்டர். ரவிக்கைத் துணியோடு 6.2, 6.3. பாட்டி காலத்து மடிசார் புடவை ஒன்பது கஜம், அதாவது 8.2 மீட்டர். பழைய சேலை 5 மீட்டருக்குக் குறைந்தால் நைந்த முனையை யாரோ வெட்டி ஓரம் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உயரமானவர்களுக்குக் கொசுவம் பற்றாது.

கைத்தறியா, விசைத்தறியா? இரண்டு ஓரங்களையும் உற்றுப் பாருங்கள். நெய்யும்போது துணியை அகலத்தில் இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசிமுனைகள் ஓரத்தில் இடைவெளி விட்டுப் பொடித் துளைகள் விடும். துவைக்கத் துவைக்க இவை மங்கும். அதனால் துளை இருந்தால் நல்ல சாட்சி. இல்லாததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இழையும் ஜரிகையும்

சேலையின் உள்முனையில் பாவிலிருந்து ஒரு இழை, குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து ஒரு இழை உருவுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சாமணத்தில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேல் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் வாடை அடித்து, தீயை எடுத்ததும் அணையும். கரியை நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கைப் பட்டு என்று விற்கும் ரேயானும் அப்படியே எரியும், முடி வாடை வராது. பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறினால் கெட்டி மணியாகும். இரண்டு இழையையும் சோதிக்கக் காரணம் உண்டு: ஊடை பட்டாகவும் பாவு வேறாகவும் இருக்கும் சேலைகள் ஏராளம்.

இப்போது ஜரிகை. நல்ல ஜரிகையில் நடுவில் பட்டு நூல். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். அதன்மேல் தங்க முலாம். தங்கம் எடையில் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ‘தங்க ஜரிகை’ என்ற சொல்லில் மயங்காதீர்கள், விலை வெள்ளியில்தான். முந்தானைக் குஞ்சத்திலோ பின்பக்கத்திலோ தொங்கும் ஒரு இஞ்ச் ஜரிகை இழையை எடுத்து, நகத்தால் எதிர்ச்சுற்றில் உருவுங்கள். மயிரிழைபோல் மின்னும் நாடா பிரியும். உள்ளே சிவப்போ ஆரஞ்சோ நூல் தெரிந்தால் பலர் அங்கேயே ‘அசல்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போதாது. வெறும் பருத்தி நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றலாம். அந்த உள்நூலைக் கொளுத்துங்கள், முடி வாடை வர வேண்டும். பிறகு நாடாவைத் தீயில் காட்டுங்கள். சுருண்டு உருகினால் பிளாஸ்டிக் ஜரிகை. செம்பு நிறம் காட்டிக் கறுத்தால் செம்புக் கம்பிமேல் வெள்ளிப் பூச்சு. கடைக்காரர்கள் ‘டெஸ்டட்’ என்பது இதைத்தான். கசவிலும் இன்று பெரும்பாலும் இதுதான், அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. செம்பு விலைக்கு வாங்கினால் சரி, வெள்ளி விலை கொடுத்தால்தான் நஷ்டம்.

தெருவில் ‘பழைய பட்டுச் சேலை எடுக்கிறோம்’ என்று வருபவர் கண்ணால் பார்த்து ஒரு விலை சொல்வார். அவருக்குச் சேலை வேண்டாம், உருக்கினால் வரும் வெள்ளிதான் வேண்டும். கணக்கை நீங்களே போடலாம். ஜரிகை மட்டும் 150 கிராம் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி 40 சதவீதம் என்றால் 60 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி, உருக்கும் கூலியும் சேதாரமும் கழியுங்கள். சதவீதம் தெரிய, நகைக்கடையில் டச் (உலோகத்தின் தூய்மை) பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் ஜரிகையைக் காட்டலாம். பெட்னி உறுதியாக நிற்கும் சேலையை உருக்கப் போடாதீர்கள். நொறுங்கும் சத்தம் வந்ததைத் தாராளமாகப் போடலாம்.

வயதைக் கணிப்பது

நிறத்தை வைத்து வயது சொல்பவரை நம்ப வேண்டாம். அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி எல்லாம் இன்றும் நெய்கிறார்கள். நீலமாக இருந்தாலே பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ‘எம்.எஸ். நீலம்’ என்று விலை ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது. சேலையைவிட அது வந்த பையும் டப்பாவும் நேர்மையான சாட்சி.

கடை முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அச்சானது. ‘மதராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முன். சுங்கடி, ‘வாயில்’ என்ற மெல்லிய காட்டன் துண்டுகளில் அளவு கஜத்தில் மட்டும் அச்சாகியிருந்தால் அறுபதுகளின் தொடக்கத்துக்கு முன் என்று சந்தேகிக்கலாம். மெட்ரிக் அளவு கட்டாயமானது அந்தச் சமயத்தில்தான். இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு அடையாளமும் உண்டு. 1956-க்கு முன் பாலக்காடு சென்னை ராஜதானியின், பிறகு மதராஸ் ஸ்டேட்டின் மலபார் ஜில்லா. பக்கத்திலேயே இருக்கும் சித்தூரோ கொச்சி ராஜ்யம், 1949-க்குப் பின் திருவாங்கூர்-கொச்சி. பையில் இந்தப் பெயர்கள் இருந்தால் பையையும் பத்திரப்படுத்துங்கள்.

துணியிலேயே முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கியது. சில்க் மார்க் 2004-இலும் ஹேண்ட்லூம் மார்க் 2006-இலும் வந்தவை. சில்க் மார்க் சீட்டோடு ‘எழுபதுகளின் சேலை’ என்று விற்பனைக்கு வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒரு எச்சரிக்கை: டப்பா ஒரு கடையுடையது, உள்ளே இருக்கும் சேலை வேறு கடையுடையது என்பது வீடுகளில் சகஜம்.

வெளியில் வாங்கும்போது

முதலில் சொந்தத்தில் கேளுங்கள். அத்தை, பெரியம்மா, சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியைவிடச் சிறந்த கடை இல்லை. ‘பழைய சேலை இருந்தா கொடுங்கோ’ என்று கேட்காமல், ‘பெட்டியை வெயில் காட்ட நான் வரேன்’ என்று போங்கள். வேலை முடியும்போது கொடுக்க வேண்டியதை அவர்களே எடுத்து வைப்பார்கள். அடுத்து கூட்டுறவுச் சங்கங்களில் தேங்கிய பழைய ஸ்டாக். கட்டாத துணி என்பதால் வியர்வைச் சேதம் இருக்காது, மடிப்புச் சேதம் மட்டும் பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் என்றால் ஐந்து படம் கேளுங்கள்: பகல் வெளிச்சத்தில் முழு விரிப்பு, பெட்னியின் பின்பக்கம், கோர்வைக் கோடு, ஜன்னலுக்கு எதிரே பிடித்த உடல் பகுதி, உள்முனை. பெட்னியை இழுத்துக் காட்டும் பத்து விநாடி வீடியோ தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். சொன்ன விலையோடு டிரை வாஷ், ஃபால்ஸ், நெட், புது ரவிக்கை நான்கின் செலவையும் கூட்டிப் பாருங்கள். கூட்டியபின் புதுக் கைத்தறிச் சேலையின் விலையைத் தொட்டால், அபூர்வ வேலைப்பாடு இருந்தாலொழிய விட்டுவிடலாம்.

ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். போகப்போவது எது என்று தீர்மானித்த பிறகே பணம் கொடுங்கள்.

சுத்தம் செய்வது

வந்த சேலையை நேரே பீரோவில் வைக்காதீர்கள். நிழலில் இரண்டு நாள் கொடியில் போட்டு, தினம் ஒரு முறை திருப்புங்கள். கொடிக் கம்பியில் துரு இருந்தால் கறை ஏறும், மேலே ஒரு வேஷ்டியை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பூஞ்சணம் கண்டால் முதலில் தண்ணீர் காட்டக் கூடாது. ஈரம் பட்டால் அது பொடியாக உதிராமல் இழைக்குள் தேய்ந்து இறங்கும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து, காய்ந்த மெல்லிய பிரஷால் ஒரே திசையில் தட்டுங்கள். காட்டனை இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டுப் பிறகு துவைக்கலாம். பட்டுக்கு நிழல்தான்.

பழைய பட்டை வீட்டில் நனைக்கலாமா என்பதற்கு ஒரே சோதனை. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, உடல், கரை, முந்தானை மூன்றிலும் மறைவான இடத்தில் ஒரு நிமிஷம் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் பெட்ரோல் வாஷ்தான். கடையில் ‘ரோல் பிரஸ் வேண்டாம்’ என்று தனியாகச் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உருளை இழுக்கிற இழுப்பில் பலவீனமான பெட்னி நீளத்துக்கும் கிழிந்து வந்த சேலைகள் பல.

கசவில் மஞ்சள் படிந்திருந்தால் குளோரின் பிளீச் பக்கம் போகாதீர்கள், ஜரிகை கறுத்துவிடும். குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, மென்மையான சோப்புத் தூளில் கசக்காமல் அலசுங்கள். ஜரிகை இல்லாத வெள்ளைப் பகுதியில் துருக்கறை இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி அரை மணி வெயிலில் வைத்து, நன்றாக அலசலாம். கஞ்சி, கட்டும் வாரத்தில் மட்டும்.

ஃபால்ஸை மாற்றும்போது புதியதை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே தைக்கக் கொடுங்கள். கடைக்காரர் ‘சுருங்காது’ என்பார். சுருங்கும்.

இற்றுப்போன சேலையில் உடல் மட்டும் நன்றாக இருந்தால் பாவாடை தைக்கலாம். கரை கீழே வருமாறு சேலையின் அகலத்தைப் பாவாடையின் உயரமாக எடுக்க வேண்டும். எட்டு வயதுப் பெண்ணுக்குச் சுற்றளவுக்கு மூன்று மீட்டர் போதும். உயரத்தில் மிஞ்சும் துணியை வெட்டாமல் இரண்டு டக் பிடித்துவிட்டால் மூன்று வருஷம் பிரித்துப் பிரித்து இறக்கலாம்.

திரும்ப அடுக்குவது

பட்டு மேல்தட்டில், கசவு வேறு தட்டில். கஞ்சி போட்டதை அப்படியே அடுக்கினால் ராமபாணப் பூச்சி கஞ்சியைத் தின்ன வந்து, பக்கத்துப் பட்டையும் அரிக்கும். ஓணம் முடிந்ததும் கசவைக் கஞ்சி போக அலசித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பட்டும் தனி வேஷ்டித் துண்டில். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டும். ஜரிகை உள்பக்கம் இருக்க மடித்து, மடிப்பு விழும் இடத்தில் துணிச்சுருள் ஒன்றை வைத்தால் கோடு கூர்மையாக விழாது. ஒரு தட்டில் ஆறுக்கு மேல் வேண்டாம், மேலே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். பாச்சை உருண்டை ஜரிகையில் பட்டால் கறுக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது, நாஃப்தலின் வாடை ஏறிய துணி சில குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வசம்பு, கிராம்பு, வெட்டிவேரைச் சின்ன மல் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். வேப்பிலை போடுவதானால் நன்றாகக் காய்ந்தது மட்டும். பச்சை இலை ஒட்டிய கறை போகாது.

ஒவ்வொரு சேலைக்குள்ளும் ஒரு சீட்டு: கடைசியாகக் கட்டிய தேதி, ஃபால்ஸ் மாற்றிய வருஷம், யார் கொடுத்தது, பெட்னி எப்படி இருக்கிறது. கட்டாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றித் தேதி எழுதுங்கள். இரண்டு வருஷம் கட்டிய தேதியே ஏறாத சீட்டு அடுத்த தை மாதம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், மழை விட்டு நல்ல வெயில் அடிக்கும் நாள் ஒன்றிரண்டு வரும். அன்று பத்து மணி முதல் மூன்று மணி வரை பீரோக் கதவை மட்டும் திறந்து வையுங்கள், துணியை எடுக்க வேண்டாம். மூடுவதற்கு முன் சுவரோரம் இருக்கும் கடைசிச் சேலையின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துங்கள்.